டல்சி மலையின் கதை மண்டபம் கரைக்கு வந்த வழி

தம்பி, மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்விதான்: அமெரிக்காவில் டல்சி என்ற ஊரில், மலைக்கு அடியில் ஏழு அடுக்கு ஆழத்துக்கு வேற்றுக்கிரகவாசிகளின் ரகசியத் தளம் இருக்கிறதாமே, உண்மையா? ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகள்தான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அந்த வீடியோ தமிழ்க் குரலோடு வாட்ஸ்அப்பில் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் நம் ராமநாதபுரத்துக் கரையோர ஊரான மண்டபத்துத் தேநீர்க் கடையில், "நம் தீவுகளுக்கு அடியிலும் அப்படி ஒன்று இருக்கிறது, அதனால்தான் வனத்துறை யாரையும் இறங்க விடுவதில்லை" என்று பேச்சு கிளம்பிவிட்டது. உங்கள் மாமாவும் நம்புகிறார். போதாததற்கு நீங்களே ஒரு விடியற்காலையில் வானத்தில் வரிசையாகப் போன வெளிச்சங்களைப் பார்த்துவிட்டீர்கள். எங்கோ கிடக்கும் ஊரின் கதை நம் கரையில் எப்படி வேர் பிடித்தது என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

நான் வானியல் படித்தவன் அல்ல. நாட்டார் வழக்காற்றியல் படித்துவிட்டு, தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் 27 ஆண்டுகள் கதை கேட்டு அலைந்தவன். டல்சிக்கு நான் போனதில்லை. அந்த ஊரைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. வானத்தில் என்ன பறக்கிறது என்பதில் என் சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரு கதை யார் வாயில் பிறந்து யார் வாய்க்குப் போயிற்று என்று தடம் பார்ப்பதில் மட்டும் கொஞ்சம் பழக்கம் உண்டு.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். தளம் இருப்பதற்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை. ஆனால் "முழுப் பொய்" என்று கையை உதறிவிட்டுப் போகவும் முடியாது. அந்தக் கதையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிஜமான சில துண்டுகள் கிடக்கின்றன. முழுப் பொய் நான்கு நாளைக்கு மேல் ஓடாது என்பது என் அனுபவம்.

டல்சி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் வட எல்லையில் இருக்கிறது. ஹிக்கரியா அப்பாச்சி பழங்குடி மக்களின் தலைமையூர். மூவாயிரத்தை ஒட்டிய மக்கள்தொகை. பக்கத்தில் ஆர்ச்சுலெட்டா என்ற தட்டை உச்சி மலை. முதல் துண்டு, 1967 டிசம்பர் 10. அன்று டல்சிக்குத் தென்மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், பூமிக்குள் ஏறக்குறைய 1,290 மீட்டர் ஆழத்தில், அமெரிக்க அரசு 29 கிலோ டன் அணுகுண்டு ஒன்றை வெடித்தது. ஹிரோஷிமாவில் போட்டதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கேஸ்பக்கி என்று அதற்குப் பெயர். பாறைக்குள் சிக்கிய இயற்கை எரிவாயுவை உடைத்து வெளியே எடுப்பது நோக்கம். எரிவாயு வரத்தான் செய்தது. கதிரியக்கமும் சேர்ந்து வந்ததால் விற்க முடியவில்லை. இங்கே தோண்டக்கூடாது என்று அந்த இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. அரசாங்கம் இந்த மண்ணுக்கு அடியில் ஏதோ செய்தது என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னால், அவர் சொல்வது உண்மை.

இரண்டாவது துண்டு, மாடுகள். 1970களின் நடுவில் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் மாடுகள் செத்துக் கிடந்தன. கண், நாக்கு, மடி, ஆசனவாய் எல்லாம் கத்தியால் அறுத்தெடுத்ததுபோல் காணாமல் போயிருந்தன. ஊரே கலங்கியது. நிலவில் நடந்த அப்பல்லோ 17 வீரர் ஹாரிசன் ஷ்மிட் அப்போது அந்த மாநிலத்தின் செனட்டர். 1979 ஏப்ரலில் இதற்காகவே ஆல்புகர்க்கி நகரில் ஒரு கூட்டம் நடத்தினார். பிறகு எஃப்.பி.ஐ.யில் பணியாற்றி ஓய்வுபெற்ற கென்னத் ராமல் விசாரித்து, 1980இல் அறிக்கை கொடுத்தார்: தானாகச் செத்த மாடுகள், மற்றதெல்லாம் பிணம் தின்னும் விலங்குகளும் பறவைகளும் செய்த வேலை. பண்ணைக்காரர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நம் கரையில் ஆமை செத்து ஒதுங்கியதைப் பார்த்திருப்பீர்கள். காக்கையும் நாயும் முதலில் வாய் வைப்பது கண்ணிலும் மென்மையான மற்ற இடங்களிலும்தான். வெயிலில் தோல் இறுகிச் சுருங்கிய பிறகு கடித்த விளிம்பு கத்தி பட்ட விளிம்பு மாதிரியே தெரியும். ராமல் சொன்னதை நம்ப எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் ஐந்து மாடு போன பண்ணைக்காரனிடம் போய் "நரி" என்று ஒரே சொல்லில் முடித்தால் அவன் கதவைச் சாத்தத்தான் செய்வான்.

மூன்றாவது துண்டுதான் என்னைத் தூங்கவிடாதது. ஆல்புகர்க்கியில் பால் பென்னவிட்ஸ் என்றொருவர் இருந்தார். ஈரப்பதம் அளக்கும் கருவிகள் செய்யும் சிறு நிறுவனத்தின் உரிமையாளர். நன்றாகப் படித்தவர், கைத்திறன் உள்ளவர். அவருடைய நிறுவனம் கர்ட்லேண்ட் விமானப்படைத் தளத்தை ஒட்டி இருந்தது. வீட்டிலிருந்து பார்த்தால் மான்சானோ குன்று தெரியும். அணு ஆயுதங்களை வைத்திருந்த குன்று அது. 1979இன் கடைசியில் அந்தக் குன்றின்மேல் நகர்ந்த வெளிச்சங்களைப் படம் பிடித்தார். தானே அமைத்த கருவிகளில் வானொலி சமிக்ஞைகளையும் பதிவுசெய்தார். இவையெல்லாம் வேற்றுக்கிரகத்தார் வேலை என்று முடிவுகட்டி, நல்ல குடிமகனாக 1980இல் விமானப்படையிடமே போய்ச் சொன்னார்.

அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? "ஐயா, நீங்கள் பிடித்தது எங்கள் சமிக்ஞை, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், எது ரகசியம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே மறுக்காமல் எண்ணெய் ஊற்றினார்கள். விமானப்படைப் புலனாய்வுப் பிரிவின் ரிச்சர்ட் டோட்டி அவரோடு பழகினார். பறக்கும் தட்டு ஆராய்ச்சியாளர் என்று பெயர் வாங்கியிருந்த வில்லியம் மூர், பென்னவிட்ஸை உளவு பார்த்துச் சொல்லும் வேலையைச் செய்தார். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1989 ஜூலை 1 அன்று லாஸ் வேகாஸில், பறக்கும் தட்டு ஆர்வலர்கள் நிறைந்த மாநாட்டு மேடையிலேயே மூர் தன் வாயால் ஒப்புக்கொண்டார், அரங்கம் கொதித்தது. டோட்டியும் பிற்காலத்துப் பேட்டிகளில் தன் பங்கைப் பேசியிருக்கிறார். பொய் சொல்வதே என் வேலையாக இருந்தது என்பவரின் வாக்குமூலத்தை எத்தனை பங்கு நம்புவது என்பது தனி வழக்கு.

இங்கே உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்து வைக்கிறேன். பென்னவிட்ஸுக்குப் பொய்த் தகவல் ஊட்டப்பட்டது உறுதி. 1988இல் மனம் உடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், 2003இல் இறந்ததும் உறுதி. அவருடைய பார்வையை மான்சானோவிலிருந்து திருப்பி டல்சியின் பக்கம் தள்ளிவிட்டதே விமானப்படைதான் என்று பலர் சொல்கிறார்கள். பொருந்திவருகிறது, ஆனால் அதுவரை கை நீட்ட எனக்குத் துணிவில்லை. மாடுகளின் செய்தியால் டல்சியின் பெயர் ஏற்கெனவே ஊர் வாயில் இருந்தது. அவரே தேடிப் போயிருக்கவும் கூடும். யாரும் ஊட்டாமல் இருந்திருந்தாலும் அவர் இதே முடிவுக்கு வந்திருப்பாரா என்பதை எந்த ஆவணத்தாலும் அளக்க முடியாது. தளத்தை நம்புகிறவர்களுக்கும் கேலி செய்கிறவர்களுக்கும் இந்தத் துண்டு பிடிக்காது. நம்புகிறவருக்கு, கதையின் ஊற்றே ஒரு பொய் என்று ஆகிறது. கேலி செய்கிறவர், அரசாங்கம் நிஜமாகவே ஒரு மனிதனைத் திட்டமிட்டு ஏமாற்றியது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவருகிறது.

அதன் பிறகு கதைக்குக் கால் முளைத்தது. 1987 டிசம்பரில் ஜான் லியர் ஓர் அறிக்கை விட்டார். லியர்ஜெட் விமானத்தை உருவாக்கியவரின் மகன், தானும் விமானி; பெயருக்கு ஓர் எடை இருந்தது. வீட்டுக் கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்துச் செய்தி பரிமாறிக்கொண்ட காலம் அது. அறிக்கை அந்த வழியே பரவியது. 1995இல் ஃபில் ஷ்னைடர் என்பவர் மேடை மேடையாக ஏறி, 1979இல் டல்சிக்கு அடியில் வேற்றுக்கிரகத்தாருக்கும் அமெரிக்கப் படைக்கும் சண்டை நடந்தது, அறுபதுக்கும் மேற்பட்ட மனிதர்கள் செத்தார்கள், நான் தப்பித்தேன் என்று சொன்னார். அந்த அறுபது பேரைத் தேடி ஒரு தாயோ மனைவியோ வந்ததாகப் பதிவில்லை. உங்கள் வீடியோவில் வரும் ஏழு அடுக்கும், கீழ் அடுக்கில் கூண்டுகளில் அலறும் மனிதர்களும் இந்தக் காலத்துச் சேர்க்கைகள். ஏழு என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள் கிளி, கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் என்று நம் பாட்டிமார் சொன்ன எண்தானே அது. கதைக்கு ஆழம் வேண்டுமென்றால் மனிதக் கை எந்த நாட்டிலும் ஏழு என்ற எண்ணைத்தான் தொடுகிறது.

பொறியியல் தடையைப் பற்றி ஒரு சொல் மட்டும். டல்சி இருக்கும் சான் ஹுவான் படுகை முழுக்க எரிவாயுக் கிணறுகள், ஆயிரக்கணக்கில். அத்தனை துளைக்கும் தப்பி ஒரு நகரம் அடியில் ஒளிந்திருக்கிறது என்றால் நம்புகிறவர்தான் விளக்க வேண்டும். நம் மாவட்டத்திலும் எண்ணெய், எரிவாயுக் கழகம் துளையிட்டிருக்கிறது. வழுதூர் மின்நிலையம் ஓடுவது அந்த எரிவாயுவில்தான்.

இனி நம் கரைக்கு வருவோம். வீடியோ இங்கே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இங்கேயும் அதே மாதிரித் துண்டுகள் கிடப்பதுதான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம்; ஆளில்லா விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. பூவரசன்பட்டி என்ற தீவு, கீழக்கரைத் தொகுதியில் இருந்தது, இப்போது தண்ணீருக்குள் போய்விட்டது. தடைசெய்த தீவு, ராணுவ வேலி, காணாமல் போன நிலம். கதை கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பூவரசன்பட்டி மூழ்கியதற்கு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் பவளப்பாறையை வெட்டி அள்ளியதைத்தான் ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுத்த பவளப் பார், அதாவது அந்தப் பாறைத் திட்டு, போனதும் தீவு கரைந்தது. வேற்றுக்கிரகத்தார் வந்து எடுத்துப் போகவில்லை. நாமே லாரியில் ஏற்றினோம்.

தேநீர்க் கடைப் பேச்சை நீங்கள் எழுதியதும் எனக்கு நினைவுக்கு வந்தது பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஓர் அம்மா. கடல்பாசிக்காகச் சிறுவயதிலிருந்து தீவுகளைச் சுற்றி மூழ்கியவர். பூங்கா வந்த பிறகு அந்தப் பிழைப்பு குறுகிப்போனது. சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு வதந்தியைச் சொல்லி, கேட்டதுண்டா என்று விசாரித்தேன். திண்ணையில் உட்கார்ந்து விரல்களுக்குத் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாறையில் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியாமல் இருக்க அப்படிச் சுற்றுவார்கள். பல்லால் முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னார்: "ஐயா, அந்தத் தீவுக்கு அடியில் முப்பது வருசம் தலைகீழாக நின்றவள் நான். அங்கே இருப்பது என் காலைக் கிழித்த பார்தான். எங்களை ஏன் விரட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், அதை யாரும் எழுதுவதில்லை." நான் எழுதவந்த தலைப்பு அதுவல்ல என்று அன்று மழுப்பிவிட்டு வந்தேன். இன்றும் அது கொஞ்சம் குத்துகிறது.

இடத்தைத் தெரிந்தவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தனுஷ்கோடியில் 1997இல் ஒரு கீற்றுக் கொட்டகையில் முதியவர் ஒருவரைக் கேசட்டில் பதிவுசெய்தேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் 653ஆம் எண் பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனதை அறிவீர்கள். மார்கழி இரவில் வாடை திரும்பும்போது இன்னும் அந்த விசில் காதில் விழுகிறது என்றார். அவ்வளவுதான், சொல்லிவிட்டு நெடுநேரம் பேசவில்லை. கேசட்டில் காற்றுச் சத்தம்தான் இருக்கிறது. பதினோரு ஆண்டு கழித்து அவருடைய பேரன் சொன்ன வடிவத்தில், தண்ணீருக்கு அடியில் பெட்டிகளின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. 2019இல் சுற்றுலா வேன் ஓட்டுநர் ஒருவர் வெளியூர்க் குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டு வந்ததைப் பின் இருக்கையில் இருந்து கேட்டேன்: ரயில் அப்படியே முழுசாக அடியில் நிற்கிறது, கடற்படைக்குத் தெரியும், மறைக்கிறார்கள். முதியவருக்கு அந்த இரவில் போனது தங்கை. பேரனுக்கு அது குடும்பக் கதை. ஓட்டுநருக்கு அரை மணி நேரப் பயணத்தை நிரப்பும் சரக்கு. இழந்தவரிடமிருந்து விலகி விலகிப் போகப் போக, துக்கம் கழன்று மர்மம் ஏறுகிறது; கடைசியில் மறைக்கிறவன் ஒருவன் வந்து சேர்கிறான். டல்சியிலும் தளத்தைப் பற்றி அறிக்கை விட்டவர்களும் மேடை ஏறியவர்களும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான அப்பாச்சி மக்களின் பெயர்கூட உங்கள் வீடியோவில் வராது.

இந்தியாவுக்கென்றே ஒரு டல்சியும் உண்டு. லடாக் எல்லையில் கொங்கா கணவாய்க்கு அடியில் வேற்றுக்கிரகத் தளம் என்று இணையத்தில் நெடுநாளாகச் சுற்றுகிறது. 1959 அக்டோபர் 21 அன்று சீனத் துருப்புகள் சுட்டதில் நம் காவலர் பத்துப் பேர் உயிர்விட்ட பகுதி அது. அந்த நாளைத்தான் காவலர் வீரவணக்க நாளாகக் கடைப்பிடிக்கிறோம். பொதுமக்கள் போக முடியாத எல்லை, ஆகவே கதைக்கு வசதி. அதே லடாக்கில் 2012, 2013 வாக்கில் நம் ராணுவத்தினர் வானத்தில் நகர்ந்த ஒளிப்புள்ளிகளை மாதக்கணக்கில் குறித்துவைத்தார்கள். சீனாவின் ஆளில்லா விமானங்கள் என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து, அவை வெள்ளியும் வியாழனும் என்று சொன்னார்கள். எல்லையில் கண் விழித்து நிற்கும் சிப்பாயே ஏமாறும்போது உங்கள் மாமாவைக் குறை சொல்ல ஏதுமில்லை.

சொல்லப்போனால் நம் முன்னோருக்கு இது தெரிந்தே இருந்தது. விடிவெள்ளிக்கு முன்பே எழுந்து பளபளக்கும் ஒன்றுக்கு "செட்டியைக் கெடுத்த வெள்ளி" என்று பெயர். விடிந்துவிட்டது என்று நினைத்து மூட்டையோடு நடுராத்திரியில் கிளம்பிய வியாபாரி வழிப்பறியில் எல்லாவற்றையும் இழந்தாராம். வானத்து வெளிச்சத்தைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நட்சத்திரத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம்.

மாமாவிடம் "பொய்" என்று ஆரம்பிக்காதீர்கள். வீடியோவில் முதலில் சொன்னது யார், அவருக்கு யார் சொன்னார், எந்த ஆண்டு என்று மூன்றை மட்டும் கேளுங்கள். பதில் இல்லாதபோது அவரே கொஞ்சம் யோசிப்பார். தீவுகளில் இறங்க விடாதது நியாயமா என்று அவர் கேட்டால், அந்தக் கேள்விக்குத் தலையாட்டுங்கள். அது வேற்றுக்கிரகக் கேள்வி அல்ல. மீனவர்களும் பாசி எடுப்பவர்களும் அதிகாரிகளிடம் கேட்டுவரும் கேள்வி.

நீங்கள் பார்த்த வெளிச்சத்துக்கு வருகிறேன். விடியற்காலை நாலரை மணி, பதினைந்து இருபது புள்ளிகள், ஒரே கோட்டில், சம இடைவெளியில், சத்தமில்லாமல் நகர்ந்து ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். 2019 மே மாதத்திலிருந்து, இணைய இணைப்புக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைக் கொத்துக் கொத்தாக ஏவுகிறார்கள். ஏவிய முதல் சில நாட்களில் அவை ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாகத் தெரியும், அதுவும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் விடியலிலும் அந்தியிலும்தான். அந்தியில் பூமியின் நிழலுக்குள் நுழையும்போது ஒவ்வொன்றாக மறையும்; விடியலில் தொலைவுக்குப் போகப் போக ஒவ்வொன்றாக மங்கும். உங்கள் விவரிப்பு அதோடு பொருந்துகிறது. ஆனால் தேதியும், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போயின என்பதும் நீங்கள் எழுதவில்லை. பாம்பன் பாலம் உங்களுக்கு வலப்பக்கம் இருந்ததா, இடப்பக்கம் இருந்ததா என்று நினைவுபடுத்தி எழுதுங்கள்; அந்த நாளில் எது கடந்துபோனது என்று பார்த்துச் சொல்ல வானியல் தெரிந்த நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார்.